பெண்கள் வார்டில் ஆஷ்டிரே கிடையாது

சிங்கப்பூர் ஈசூனில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்திலிருந்து சட்டம் சொல்லும் தூரம் தள்ளி ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது. புகைப்பவர்கள் அங்கேதான் கூடுவார்கள். சென்ற மாதம் அலுவலக உடையில் ஓர் இளம்பெண் அங்கே நின்று புகைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே நின்று புகைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், தன் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்து, "பொம்பளப் புள்ள இப்படிச் செய்யலாமா?" என்று கேட்டுவிட்டு அதை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

"அங்கிள், உங்க சாம்பல் உங்க சட்டையிலயே விழுது லா," என்றாள் அவள்.

இதை என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு மருத்துவமனைத் தாதியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவளும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். "அக்கா, அந்தக் காலத்து வார்டைப் பத்தி எழுதுங்க. இப்ப வர்ற புள்ளைங்ககிட்ட வார்டுல ஆஷ்டிரே இருந்துச்சுன்னு சொன்னா என்னையப் பொய்க்காரிங்குதுங்க," என்றாள். சாட்சி சொல்ல ஆள் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தை விரித்துச் சொல்ல அதிகம் இல்லை. கம்போங் கப்போரில் வீடு, கான்வென்ட் பள்ளி, பிறகு தாதியர் விடுதி. படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றுக்கொண்டேன். டாக்டர் வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டேன். தெரிந்த பதிலைத் தெரியாததுபோல் வைத்திருக்கவும் கற்றுக்கொண்டேன், இதற்குத்தான் நாளாயிற்று. ஐம்பதுகளின் நடுவில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் என்னை விட்டார்கள்.

அங்கே ஒவ்வொரு கட்டிலின் பக்கத்து அலமாரியிலும் ஒரு தகர ஆஷ்டிரே இருக்கும். அது வார்டுச் சாமான்களில் ஒன்று. வெப்பமானி உடைந்தால் எப்படி விளக்கம் எழுதித் தரவேண்டுமோ, அப்படியே ஆஷ்டிரே தொலைந்தாலும் எழுதித் தரவேண்டும். காலையில் காய்ச்சல் பார்த்த பிறகு, படுக்கைகளைச் சரிசெய்வதற்கு முன், அவற்றைத் தட்டிக் கழுவித் துடைத்து வைக்கவேண்டும். நெஞ்சுவலிக்காரருக்கும் உண்டு, இருமல்காரருக்கும் உண்டு. பெரிய டாக்டர் வார்டைச் சுற்றி வரும்போது அவர் விரல்களுக்கிடையிலும் சிகரெட் இருக்கும். பின்னால் ஒரு தாதி கிட்னி டிரே என்ற வளைந்த தட்டை ஏந்திக்கொண்டு நடப்பாள். அவர் நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கக் குனியும் கணத்தில் டிரே சரியாக அந்தச் சிகரெட்டுக்குக் கீழே இருக்கவேண்டும். அதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

பெண்கள் வார்டில் ஆஷ்டிரே கிடையாது. பெண்கள் புகைப்பதில்லை என்பதால் ஆஷ்டிரே தரப்படவில்லை. ஆஷ்டிரே இல்லாததால் பெண்கள் புகைப்பதில்லை என்பது உறுதியாயிற்று. நிர்வாகம் இப்படித்தான் யோசிக்கும்.

நடந்தது வேறு. கட்டட வேலை செய்த சீனப் பெண்கள், சிவப்புத் தலைத்துணி கட்டியவர்கள், சிகரெட்டை அந்தத் துணியின் மடிப்பிலேயே செருகி வைத்திருப்பார்கள். சொந்த உழைப்பு, சொந்தச் சிகரெட். வார்டுக்கு வந்த அன்றே பின்படிக்கட்டு எங்கே என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வயதான மலாய்ப் பெண்கள் நிப்பா இலையில் புகையிலையைச் சுருட்டி, பிரார்த்தனை செய்வதுபோல் அமைதியாக ஊதுவார்கள். முதல் வகுப்பு அறைகளில் படுத்திருந்த வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குக் கண்ணாடியில் ஆஷ்டிரேயே உண்டு. அவர்களை யாரும் 'பெண்கள் வார்டு' என்ற கணக்கில் சேர்க்கவில்லை. நம் பெண்களுக்கு வெற்றிலையும் புகையிலையும். புகை என்பது சினிமாவில் வரும் கெட்டவளின் சமாசாரம்.

நோயாளி சேர்ந்ததும் கேட்கவேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை இருந்தது. தூக்கம், பசி, மலம், சிறுநீர், அதன்பிறகு பழக்கங்கள். ஆண்களிடம் "புகைப்பீர்களா?" என்று கேட்டு நேரத்தை வீணாக்குவதில்லை, "ஒரு நாளைக்கு எத்தனை?" என்றுதான் கேட்போம். அவர்கள் சொல்வதை இரண்டால் பெருக்கிக்கொள்வோம். பெண்களிடம் அந்தக் கேள்வியே இல்லை. வெற்றிலை போடுவீர்களா, அதோடு சரி. அதற்கு மேல் கேட்பது கௌரவமான குடும்பங்களை அவமதிப்பதாகும் என்று எங்கள் பயிற்சி ஆசிரியை சொல்லியிருந்தார்.

ஆண்களும் மறைக்காமல் இல்லை. சிராங்கூன் ரோட்டு மளிகைக்கடைக்காரர் ஒருவர், நாற்பது வயதைத் தாண்டியவர், தன் அப்பா வார்டு வாசலில் தலைகாட்டியதும் எரியும் சிகரெட்டைப் போர்வைக்குள் தள்ளிவிட்டார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கடை விவகாரம் பேசினார். போர்வையிலிருந்து புகை எழுந்தது. அதைப் பார்த்த அப்பா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஒடம்புல சூடு கொஞ்சம் இருக்கு போல," என்றார். பொத்தல் விழுந்த போர்வைக்கு விளக்கம் எழுதியது நான். ஆண் மறைத்தால் அதற்கு மரியாதை என்று பெயர். பெண் மறைத்தால் என்ன பெயர் என்பதைப் பெண்கள் அறுவை வார்டுக்கு மாற்றப்பட்ட பிறகுதான் பார்த்தேன்.

அந்த வார்டின் தலைமை சிஸ்டர் ரொசாரியோ, ஒரு யூரேசியப் பெண்மணி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கட்டிலின் கால்மாட்டில் நிற்பார். பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றாமலே கேள்விகளைக் கேட்பார். பதில் உண்மை என்று பட்டால்தான் மூடி கழலும். பெரிய டாக்டர்கள்கூடப் பேசிக்கொண்டே அந்த மூடியை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். பிற்பகல் தேநீர் வேளையில் அவருடைய அலுவலக அறைக் கதவு சாத்தியிருக்கும். திறக்கும்போது பெப்பர்மிண்ட் மணம் வரும். சீருடையில் இருக்கும் தாதி புகைத்தால் வேலை போய்விடும் என்பது விதி. கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆகவே யாருக்கும் தெரியாது.

ஐம்பதுகளின் கடைசியில் அப்பலம்மா அந்த வார்டுக்கு வந்தாள். கிட்டத்தட்ட என் வயதுதான். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். வாய் எரிச்சல், சோறு இறங்கவில்லை. கணவர் தங்கராசு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ஃபேரர் பார்க் பக்கத்தில் பல குடும்பங்கள் சேர்ந்திருந்த வீட்டில் ஓர் அறை. அதில் இவர்கள், இரண்டு பிள்ளைகள், தங்கராசுவின் அம்மா. கேள்விகளுக்கு அப்பலம்மா பெரும்பாலும் தலையைத்தான் அசைத்தாள்.

இளம் டாக்டர் சுவா டார்ச் அடித்து அவள் வாய்க்குள் பார்த்தார். மேலண்ணம் வெள்ளையாகத் தடித்துப்போய், நடுவில் ஒரு புண். வெற்றிலையால் வந்ததென்றால் கன்னத்தில் இருக்கவேண்டும், அண்ணத்தில் ஏன்? குடிப்பதில்லை. புகைப்பது என்ற கேள்வி பெண்களுக்கு இல்லை. அப்படியானால் பாடப்புத்தகத்தில் மிச்சமிருப்பது ஒரு நோய்தான். அதன் பெயரை நாங்கள் வார்டில் சொல்லமாட்டோம். தகாத உறவில் வரும் நோய் என்று சொன்னால் போதும். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். உண்டு என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் 'சந்தேகம்' என்று பதில் வந்தது. மறுபடி ரத்தம் எடுக்கவேண்டும். அதோடு கணவரையும் சோதிக்கவேண்டும். இது விதி.

கணவருக்கு ஒரு நீலச் சீட்டுத் தருவார்கள். எந்தக் கிளினிக் என்று அதில் எழுதியிருக்காது, அறை எண் மட்டுந்தான். மானத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. ஆனால் அந்த நீல நிறம் என்ன என்பது பஃபலோ ரோட்டில் கீரை விற்பவருக்குக்கூடத் தெரியும். இன்னொரு விதியும் உண்டு: பரிசோதனை எதற்கு என்று தாதி நோயாளியிடம் சொல்லக்கூடாது. ஆகவே தங்கராசு மாலையில் மனைவியைப் பார்க்க வந்தபோது கவுண்டரில் அந்தச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பலம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் காலை டிரே கழுவ வார்டுக்குப் பின்னாலிருந்த குழாயடிக்குப் போனேன். நடமாடக்கூடிய நோயாளிகள் அங்கே தங்கள் துணிகளைத் துவைத்துக்கொள்வார்கள். அப்பலம்மா சுவரைப் பார்த்துக் குந்தியிருந்து சேலையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவள் மூக்கிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. இரண்டு கைகளும் சோப்பு நுரையில். உதடுகளுக்கிடையில் ஒரு பழுப்புத் துண்டு, அதன் நுனியில் நெருப்பு இல்லை.

"என்னம்மா அது வாயில?"

ஈரக்கையைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினாள். சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, அந்தத் துண்டை வாயிலிருந்து இழுத்தாள். உள்ளே இருந்த முனை கனன்றுகொண்டிருந்தது.

"நெருப்பையா உள்ள வச்சிருந்தீங்க?"

"சத்தம் போடாதீங்க மிஸ்ஸி. சுருட்டுதான். எங்கம்மா விசாகப்பட்டணத்துப் பக்கம். அங்க பொம்பளைங்க இப்படித்தான் குடிப்பாங்க. நெருப்பு வெளிய தெரியாது, காத்துல அணையாது, சாம்பலு புள்ள மேல விழாது. ரெண்டு கையும் வேலைக்கு இருக்கும்ல?"

"சுடாதா?"

"மொதல்ல சுடும். அப்புறம் நாக்கு ஒதுங்கிக்கக் கத்துக்கும்."

ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். பல்வலிக்கு நல்லது என்று அம்மாதான் பழக்கியிருக்கிறார். தோட்டத்துத் தெலுங்குப் பெண்களிடம் இந்தப் பழக்கம் உண்டு என்று தங்கராசுவின் அம்மா கேள்விப்பட்டு, கல்யாணப் பேச்சின்போதே சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார்.

"நானும் அணச்சேன் மிஸ்ஸி. கல்யாணமாகி ஒரு மாசம் தாங்கினேன். அப்புறம் முடியல."

"வீட்டுல வாசன தெரியாதா?"

"அவரு ஊதுற ஊதுல என் வாசன எங்க தெரியப்போவுது? குழாயடியில வாய மூடிக்கிட்டே தொவைக்கிறேனா, எங்கத்தை ஊரெல்லாம் சொல்லுவாங்க: எம் மருமக அடக்கம், யார்கிட்டயும் வம்புக்குப் போவ மாட்டா." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மிஸ்ஸி."

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நெருப்பு எங்கே இருந்ததோ, அதற்கு நேர் மேலே அந்தப் புண் இருந்தது. சுருட்டை வாங்கி டிரேயில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனேன்.

சிஸ்டர் ரொசாரியோ நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவைத் தொடவில்லை. "அலாமாக்," என்று மலாயில் வியந்தார். எழுந்து கதவைச் சாத்தினார். என் முன்னாலேயே இழுப்பறையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தார். எரியும் முனையைப் பார்த்தார். அதை மெதுவாகத் திருப்பி உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சூடு பட்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பழையபடி திருப்பிக்கொண்டார்.

"டாக்டர் நம்ப மாட்டார். எனக்கே நம்ப முடியவில்லை," என்று சொல்லிவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார். "நீலச் சீட்டு எங்கே?"

"நேற்றே கணவரிடம் கொடுத்துவிட்டார்கள், சிஸ்டர்."

அவர் எதுவும் எழுதவில்லை. நேராக அப்பலம்மாவின் கட்டிலுக்கு வந்தார். அந்தச் சீட்டு என்ன, அந்த ரத்தம் எதற்கு என்பதை விதியை மீறி அவளிடம் சொல்லச் சொன்னார். சொல்லக்கூடாத வார்த்தைகளைத் தமிழில் தேடித்தேடிச் சொன்னேன். அப்பலம்மா கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சுருட்டுன்னா அடிப்பாரு, மிஸ்ஸி. அடிச்சா வலிக்கும், போயிடும். இதுன்னா புள்ளைங்கள வச்சுக்கிட்டு என்னையத் தோட்டத்துக்கு அனுப்பிடுவாரு. எம் புள்ளைங்க முகத்த நான் அப்புறம் பாக்க முடியாது."

"அப்படியானால் டாக்டரிடம் அதைச் செய்து காட்டு," என்றார் சிஸ்டர்.

"ஆம்பளைக்கு முன்னாடியா? செத்தாலும் மாட்டேன்."

சிஸ்டர் வற்புறுத்தவில்லை. யோசித்துக்கொள் என்று மட்டும் சொல்லச் சொன்னார்.

பார்வையாளர் மணி அடித்ததும் முதல் ஆளாகத் தங்கராசு உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பையிலிருந்த சீட்டின் நீலம் துணி வழியாகத் தெரிந்தது. அவர் உட்காரவில்லை. நான் அடுத்த கட்டிலில் ஒரு சீன மூதாட்டிக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு?" என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

அப்பலம்மா உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

"வேலையில ஒருத்தன்கிட்ட சீட்டக் காட்டினேன். சிரிக்கிறான். யாரு அவன்? சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மூதாட்டி கையிலிருந்த ஆரஞ்சுச் சுளையைக் கீழே வைத்தாள். நாடிக் கணக்கு எனக்குத் தவறிவிட்டது. அதற்குள் சிஸ்டர் துணித்திரையைச் சக்கரங்கள் கீச்சிட உருட்டிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி நிறுத்தினார். டாக்டர் சுவாவுக்கு ஆள் அனுப்பினார். டாக்டர் வந்து ஆங்கிலத்தில், இன்னும் எதுவும் உறுதியில்லை, வேறு காரணமும் இருக்கலாம் என்று இழுக்க ஆரம்பித்தார். நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன்.

"மிஸ்ஸி," என்றாள் அப்பலம்மா. "காலையில எடுத்துட்டுப் போனீங்களே, அதக் கொண்டாங்க."

நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். டிரேயைக் கொண்டுவந்தேன். தீப்பெட்டிக்கு எங்கே போவது என்று நான் திரும்புவதற்குள் சிஸ்டர் தன் சீருடைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து நீட்டினார். டாக்டர் அந்த லைட்டரைப் பார்த்தார். பிறகு மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

அப்பலம்மா சுருட்டைப் பற்றவைத்து எல்லாரையும்போல் இரண்டு இழுப்பு இழுத்தாள். அது நன்றாகக் கனன்றதும் திருப்பி, நெருப்பை உள்ளே விட்டு, உதடுகளை மூடிக்கொண்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு தங்கராசுவை நேராகப் பார்த்தாள். சிறிது நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு மூக்கிலிருந்து புகை வந்தது. வாயைச் சற்றே திறக்கும்படி டாக்டர் சைகை காட்டினார். டார்ச்சைக் கையில் வைத்திருந்தாரே தவிர அதைப் போட மறந்துவிட்டார். தேவையும் இருக்கவில்லை, உள்ளே அந்தப் புண்ணின் கீழே வெளிச்சம் இருந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் கடவுளைக் கூப்பிட்டார்.

"எத்தன நாளா?" என்றார் தங்கராசு.

அவள் சுருட்டை எடுத்து டிரேயில் வைத்தாள். "நீங்க என்னையப் பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னிக்கும்தான்."

தங்கராசு பையிலிருந்து சீட்டை எடுத்தார். "அப்ப இது?" என்று டாக்டரிடம் நீட்டினார். பெரும்பாலும் இது சூட்டுப் புண்தான், இரண்டாம் ரத்தப் பரிசோதனை வந்தால் உறுதியாகச் சொல்லலாம் என்றார் டாக்டர். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். டாக்டர் சீட்டை வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். தங்கராசு ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்ச் சிகரெட் பாக்கெட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா?"

கையை ஓங்குவார் என்று நானும் சிஸ்டரும் கட்டிலுக்கு நெருங்கி நின்றோம். அவர் திரையின் இடுக்கு வழியாக வாசலைப் பார்த்தார். அடுத்த பேருந்தில் அவர் அம்மா வருவதாக இருந்தது.

"அம்மாவுக்குத் தெரிய வேணாம்," என்றார், எங்கள் எல்லாருக்கும் பொதுவாக.

இரண்டாம் ரத்தம் சுத்தமாக வந்தது. புண்ணிலிருந்து சதைத் துண்டு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோயும் இல்லை. சுருட்டை விட்டால் ஆறும், விடாவிட்டால் அடுத்த முறை பதில் இப்படி நல்லதாக வராது என்று டாக்டர் சொன்னார். அப்பலம்மா வீட்டுக்குப் போனாள்.

சிஸ்டர் ரொசாரியோ அந்த வாரமே எங்களைக் கூப்பிட்டு, இனி பெண்களிடமும் புகைப்பழக்கம் பற்றிக் கேட்கவேண்டும் என்றார். அதற்கு முன் உறவினர்களை வெளியே அனுப்பிவிட வேண்டும். தாதி நிற்காமல் உட்கார்ந்து கேட்கவேண்டும். மேலிடத்து அனுமதி எதுவும் வாங்கியதாக எனக்குத் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் பள்ளி ஆசிரியை ஒருவர், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தவர், நான் உட்கார்ந்து கேட்டதும் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "குளியலறையில ஒண்ணு. குழந்தைங்க தூங்கினதுக்கு அப்புறம்," என்றார். இதற்கு முன் யாரும் அவரைக் கேட்டதில்லையாம்.

அறுபதுகள் பிறந்து சில காலம் ஆனபின் நான் வெளிநோயாளர் பிரிவில் இருந்தேன். அப்பலம்மா தவணை தவறாமல் வருவாள். ஒரு நாள் கணவரும் உடன் வந்திருந்தார். டாக்டர் சுவாதான் பார்த்தார்; அவர் தலையில் முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை விழுந்திருந்தது. மேலண்ணம் இளஞ்சிவப்பாக, மழமழவென்று இருந்தது. இப்போது புகைக்கிறாயா என்று கேட்டார். கணவர் பக்கத்தில் இருந்ததால் அவரை வெளியே அனுப்பட்டுமா என்று நான் எழுந்தேன்.

"இருக்கட்டும் மிஸ்ஸி," என்றாள் அப்பலம்மா. "விட்டுட்டேன்னு சொல்லுங்க. துணி தொவைக்கிறப்பதான் கஷ்டமா இருக்கு. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. எங்கத்தைகிட்ட ரெண்டு வார்த்தை வாங்கி நாலு வார்த்தை குடுக்குறேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனார்.

"டாக்டர், அவர ஒண்ணும் கேக்கலியே?" என்றாள் அவள். "ராவும் பகலும் இருமுறாரு."

"எனக்கென்ன? நான் நல்லாத்தான இருக்கேன்," என்றார் தங்கராசு.

நான் மொழிபெயர்த்ததும் டாக்டர் மறுபடி உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டார்.

"அஞ்சாறு இருக்கும்."

"ரெண்டு பாக்கெட்டு," என்றாள் அப்பலம்மா.

"ஏய், சும்மா இரு."

"என்னைய யாரும் கேக்காம விட்டாங்க, உங்க கையில சீட்டு வந்துச்சு. உங்களயாச்சும் ஒழுங்காக் கேக்கட்டும்." என் பக்கம் திரும்பினாள். "அப்படியே சொல்லுங்க மிஸ்ஸி, ஒண்ணும் விடாம."

அப்படியே சொன்னேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு, சட்டையைக் கழற்றச் சொன்னார். தங்கராசு என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. பொத்தான்களைக் கழற்றினார். பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்தவர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றார். அப்பலம்மா கையை நீட்டினாள். அதை அவளிடம் கொடுத்தார்.